குண்டின் அடிப்பாகம்

துப்பாக்கியை நான் தொட்டதில்லை. ஆனாலும் ஃபிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் குண்டின் பயணத்தைப் பற்றி 1909இல் வெளியிட்ட நூல் என்னைத் தொந்தரவு செய்கிறது. குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்தவர் அவர். மூக்கு சிதைந்தது ஏறக்குறைய நேராகவே போயிற்று; அடிப்பாகம் கோணலானதுதான் விலகிற்று.

மேஜைமேல் துப்பாக்கியைக் கிடத்திச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்களில் சிலர் இன்றும் செப்பு உறைக்குள் ஈயத்தை அச்சில் அழுத்தித் தாமே குண்டு செய்கிறார்கள். மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி இறக்கி, 100 கஜத்தில் ஐந்து குண்டு. மிகவும் விலகிய இரு துளைகளின் இடைவெளியே கணக்கு. குறியின் நடுவில் பட்டதா என்பதல்ல. வங்கியில் பேரேடு சரிபார்க்கும் எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

நாமோ ஒரு வரி நடுவில் பட்டதுமே கவிஞன் என்கிறோம். மூக்கின் பளபளப்பு போதும் நமக்கு. சொல்லைப் பின்னிருந்து தள்ளும் நிர்ப்பந்தம் கோணலா என்று பார்ப்பதில்லை.

ஆனால் ஐந்தும் ஒரே துளையில் விழுவது கவிதையில் வெற்றியா? குறி தள்ளியிருந்தால் அவர்கள் தொலைநோக்கியின் திருகைத் திருப்பிக்கொள்வார்கள். கவிஞனுக்குத் திருகு கிடையாது. அவனுக்கு அது வெறும் வாய்ப்பாடு.

மதிப்புரைக்கு வந்திருக்கும் நண்பரின் தொகுப்பில் இருபது கவிதைகளும் ஒரே துளை. இதை எழுதினால் நட்பு மிஞ்சாது. எழுதாவிட்டால் விமர்சனம் மிஞ்சாது.