ரேக்கில் ஒரு பென்டிரைவ்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கிவிட்டால் தென்காசியில் இரண்டு காரியம் நிச்சயம். குற்றாலத்தில் சாரல் விழும். கரண்டு போய்ப் போய் வரும். ஒரு தென்னை மட்டை கம்பியில் உரசினால் போதும். கரண்டு ஒரேயடியாகப் போனால்கூடச் சமாளித்துவிடலாம். வந்ததும் போவதும் போனதும் வருவதுமாக இருப்பதுதான் நெட்வொர்க் சாதனங்களுக்குப் பகை.

நெட்வொர்க் சுவிட்ச் என்றால் கேபிள்கள் வந்து சேரும் வெறும் பெட்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு முழுக் கணினி இருக்கிறது: பிராசஸர், மெமரி, ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., பல பெட்டிகளில் லினக்ஸ். எந்தத் தெருவின் இணைப்பு எந்த போர்ட்டில் போக வேண்டும் என்று சிப்புக்குச் சொல்வது அந்த ஓ.எஸ்.தான். எஸ்.எஸ்.டி.யில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்டு போனால் கோப்புகள் சிதைந்து, மறுபடி பூட் ஆகாமலே நின்றுவிடலாம்.

சென்ற சாரலில் குற்றாலம் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன இணைய சேவை நிலையத்தில் இதுதான் நடந்தது. யூ.பி.எஸ். பேட்டரி ஓய்ந்துபோயிருந்தது. அங்கே வேலை பார்க்கும் பையன் போனில் கூப்பிட்டான்: “அண்ணாச்சி, ஃபேன் சத்தம் காதைப் பிளக்குது. ஒரு போர்ட்லயும் லைட் எரியல. பெட்டி செத்துப்போச்சா?”

சாகவில்லை என்பது அந்த ஃபேன் சத்தத்திலேயே தெரிந்தது. ஃபேன் வேகத்தை அடக்கி வைப்பதும் ஓ.எஸ்.தான். அது எழும்பாவிட்டால், சூடேறிவிடக் கூடாது என்று பல பெட்டிகளில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். பெட்டி நன்றாகவே இருந்தது; உள்ளே குடியிருந்த ஓ.எஸ்.தான் போயிருந்தது.

அது சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டி. கன்சோல் கேபிளை மாட்டி, வேகத்தை 115200 என்று வைத்துப் பார்த்தேன். கிரப் என்ற பூட் மெனுவில் இரண்டு வரிகள். மேலே, எழும்ப மறுத்த ஓ.எஸ். கீழே, ‘ஓனி’.

இந்த ஓனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவிட்சையும் ஓ.எஸ்.ஸையும் ஒரே கம்பெனி சேர்த்தே விற்பதுதான் நெடுங்கால வழக்கம். கியூமுலஸ் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் ஓனியை எழுதி, 2013-ல் ஓப்பன் கம்ப்யூட் திட்டத்துக்குக் கொடுத்தது. பெட்டியின் ஓரத்தில் தனியாக ஒதுங்கியிருக்கும் சின்ன லினக்ஸ் அது. அதற்குத் தெரிந்த முக்கியமான வேலை, வேறொரு ஓ.எஸ்.ஸைத் தேடிக் கண்டுபிடித்து நிறுவுவது. யூ.எஸ்.பி.யில் பார்க்கும், நெட்வொர்க்கிலும் தேடும். கியூமுலஸை 2020-ல் என்விடியா வாங்கிவிட்டது. ஆனாலும் திறந்த மூலமாக விட்ட ஓனி யாருக்கும் தனிச்சொத்தாகவில்லை. தென்காசியில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெட்டியை எழுப்ப முடிகிறதென்றால் அந்த முடிவுதான் காரணம். இல்லாவிட்டால் அது பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டியதுதான்.

பையன் நீட்டியது 64 ஜி.பி. பென்டிரைவ். அந்த அளவில் விற்பவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. பல பெட்டிகளில் ஓனிக்கு அதைப் படிக்கத் தெரியாது. “பழைய எட்டு ஜி.பி. ஏதாவது கிடக்கா தம்பி?” மேசை டிராயரில் ஒன்று கிடைத்தது. அதில் யாருடைய கல்யாண போட்டோக்களோ இருந்தன. அவற்றை லேப்டாப்பில் பத்திரப்படுத்திவிட்டு ஃபேட்32-ஆக மாற்றினோம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். ஓ.எஸ். கோப்பு ஒரு ஜி.பி.யை நெருங்கும். அதை இறக்க இணையம் வேண்டும். படுத்துக் கிடப்பதோ இணையம். சீசன் ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவி வரைக்கும் வண்டிகள். செல்போன் டவர் திணறியது. அன்று அதிக நேரம் தின்றது அந்த டவுன்லோடுதான். இறங்கியதும் அதன் ஷா-256 எண்ணைச் சரிபார்த்தோம். அதில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பைத் தொடக் கூடாது.

கோப்புக்கு ‘ஓனி-இன்ஸ்டாலர்’ என்று பெயர் வைத்து, பென்டிரைவைச் செருகி, மெனுவில் நிறுவும் வரியைத் தட்டினேன். திரையில் வரிகள் ஓடின. பெட்டி தானே ரீபூட் ஆனது. சற்று நேரத்தில் ஃபேன் இரைச்சல் தணிந்தது. பையன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. பழைய காலத்தில் எக்ஸ்மோடம் வழியாக 9600 வேகத்தில் 10 எம்.பி. கோப்பை ஏற்றவே ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். இப்போது நூறு மடங்கு பெரிய கோப்பு நிமிடக் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஆனால் பெட்டி இப்போது எதையும் அறியாத பெட்டி. கான்ஃபிக், அதாவது அதன் அமைப்பு விவரம், முழுவதும் அழிந்திருந்தது. பேக்கப் எங்கும் இல்லை. அப்போது அந்தப் பையன் ஒரு நீள நோட்டை எடுத்தான். எந்தத் தெரு எந்த போர்ட், எந்த வி-லேன் என்று பென்சிலில் வரிசையாக எழுதி வைத்திருந்தான். யாரும் அவனை எழுதச் சொன்னதில்லை. அவன் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். அன்று ஊரை மீட்டதில் பெரிய பங்கு அந்த நோட்டுக்கு.

2011-ல் ஜோஹோ தென்காசிக்கு வந்தபோது இங்கிருந்து உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்பது பலருக்கும் புதுச் செய்தி. இன்று அந்த அலுவலகம் இருக்கும் மத்தளம்பாறைக்கு அது அன்றாடம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டமும் நடக்கிறது. ஃபைபர் போகிற இடமெல்லாம் ஏதோ ஒரு பெட்டி இருக்கும். அங்கேயும் கரண்டு போய் வரும். இதற்கான பாடத்தைப் பெருநகர டேட்டா சென்டரிடம் கடன் வாங்க முடியாது. அங்கே மாற்றுப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

சிற்றூரில் நெட்வொர்க் நடத்துகிறவர்கள், பள்ளி, லாட்ஜ், கேபிள் நிலையம் எதுவாக இருந்தாலும், ஆனிக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். உங்கள் பெட்டிக்கு ஓ.எஸ்.ஸை எப்படி ஏற்றுவது என்று தெரிந்துகொண்டு, அதற்கான கோப்பையும் கான்ஃபிக் பேக்கப்பையும் ஒரு பென்டிரைவில் போட்டு, தேதி எழுதி, கன்சோல் கேபிளோடு ரேக்கிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். கான்ஃபிக்கை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றுங்கள். யூ.பி.எஸ். பேட்டரியையும் பார்த்துவிடுங்கள்.