சாயம் பூசினால் போதுமா?



மக்களின் நம்பிக்கையை இழந்த ஒரு கட்சி தன் தோற்றத்தைப் புதுப்பித்துக்கொண்டால், வாக்காளர்கள் திரும்பி வருவார்களா? ஓய்வு நேரத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த வினா இது. எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. ஆயினும், இவ்வினா நம் பள்ளிகளையும் தொடுவதால் எழுதத் துணிந்தேன்.

நம் கண்முன் உள்ள சான்று ம.இ.கா. 1946-இல் ஜான் திவியின் தலைமையில் தோன்றிய கட்சி. 2004 பொதுத்தேர்தலில் போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வென்றது. 2007 நவம்பர் 25-இல் இண்ட்ராப் பேரணிக்காகத் தலைநகரில் மக்கள் திரண்டனர். 2008 மார்ச் 8-இல் வாக்குகள் எண்ணப்பட்டபோது, 9-இல் 3 மட்டுமே மிஞ்சின. சுங்கை சிப்புட்டில் 1974 முதல் வென்று வந்த துன் சாமிவேலுவே தோல்வி கண்டார்.

அதன்பின் கட்சிக்குப் புதுத்தோற்றம் தரவேண்டும் என்ற பேச்சு ஓங்கி ஒலித்தது. ஆனால், 1979 முதல் தலைவராக இருந்தவரே 2009-இல் போட்டியின்றி மீண்டும் தலைவரானார். 2010 டிசம்பரில்தான் விலகினார். புதிய மொந்தையில் பழைய கள் என்று மக்கள் எண்ணியதில் வியப்பென்ன?

அதே வேளையில், புதுமுகத்தால் பயனே இல்லை என்றும் கூறிவிட முடியாது. செலாயாங்கிலிருந்து ரவாங் தாண்டிச் சென்றால் உலு சிலாங்கூர். 2008-இல் 198 வாக்குகளில் ம.இ.கா. இழந்த தொகுதி. 2010 ஏப்ரல் 25 இடைத்தேர்தலில் ப.கமலநாதன் என்னும் புதுமுகம் 1,725 வாக்குகள் பெரும்பான்மையில் அதனை மீட்டார். 2013-இலும் வென்று கல்வித் துணையமைச்சரானார். ஆனால், 2018-இல் நாடெங்கும் வீசிய மாற்றக் காற்றில் அத்தொகுதியும் கைமாறியது. கட்சிக்கு 2 இடங்களே கிட்டின. 2022-இல் தாப்பா ஒன்றே எஞ்சியது. 2023 சிலாங்கூர் மாநிலத் தேர்தலில் கட்சி போட்டியிடவே இல்லை. ஒரு நல்ல முகம் ஒரு தொகுதியை மீட்கலாம். கட்சியின் மீது போன நம்பிக்கையை அது மட்டும் மீட்டுத் தராது என்பதே நான் கண்ட பாடம்.

இதைச் சொல்லும்போது எனக்கு என் பழைய பள்ளி நினைவுக்கு வருகிறது. முதலாம் ஆண்டு மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிந்துவந்தது. ஆசிரியர் கூட்டத்தில், சுவர்களுக்குப் புதுச்சாயம், வாசலில் வளைவு, புதிய முழக்கவரி வேண்டும் என்று முன்மொழிந்தவள் நானே. எல்லாம் நிறைவேறின. மறு ஆண்டு எண்ணிக்கை மேலும் குறைந்தது.

பின்னர் வீடு வீடாகச் சென்றோம். மகனை எங்கள் பள்ளியில் வைத்துக்கொண்டே மகளை வேறு பள்ளியில் சேர்த்திருந்த ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: "சாயம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா என் மகனுக்கு மூனாம் ஆண்டுலயும் வாசிக்கத் தெரியல. அத யாருமே எங்கிட்ட சொல்லலையே?"

அந்த மாணவனின் வகுப்பாசிரியை நான்தான். தேர்ச்சி அறிக்கையில் 'முயற்சி தேவை' என்று எழுதிக் கைகழுவியிருந்தேன். அன்று தலைகுனிந்து நின்றேன், மன்னிப்புக் கேட்டேன். மறுவாரமே மாலை வாசிப்பு வகுப்பைத் தொடங்கினோம். யாருக்கு என்ன தெரியவில்லை என்பதை மாதந்தோறும் பெற்றோரிடம் மறைக்காமல் கூறினோம். ஈராண்டுகள் கழித்து, அதே தாயார் தம் அண்டை வீட்டுப் பிள்ளையின் பதிவுக்குத் துணையாக வந்தார். அப்போது சுவர்ச்சாயம் வெளுத்துப் போயிருந்தது!

பெயர் மாற்றமே வீண் என்பதும் என் கருத்தன்று. 1937 தேர்தலில் படுதோல்வியுற்ற நீதிக்கட்சி, 1944 சேலம் மாநாட்டில் திராவிடர் கழகம் ஆனது. பெயர் மட்டுமா மாறியது? தேர்தல் அரசியலைத் துறந்தது; செல்வந்தர்களின் கட்சி என்ற நிலை மாறி, பொதுமக்களின் இயக்கமாக வளர்ந்தது. உள்ளே மாற்றம் நிகழ்ந்ததால் புதுப்பெயருக்குப் பொருள் உண்டாயிற்று.

ஆகவே கட்சியாயினும் பள்ளியாயினும் வரிசை ஒன்றே. தவற்றை ஒப்புக்கொள்ளுதல் முதலில், திருத்திக்கொள்ளுதல் அடுத்து, சாயமும் பெயர்ப்பலகையும் கடைசியில். நாம் வரிசையைத் தலைகீழாக்கும்போதுதான் மக்கள் சிரிக்கிறார்கள்.

பெற்றோர்களே, அடுத்த முறை எங்கள் பள்ளி வாசலுக்கு வரும்போது வளைவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே வந்து, "என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒளிக்காமல் விடை கூறுவது எங்கள் கடமை.

சிந்திப்போம், செயல்படுவோம்.