மலையகத்தில் ஒரு கூத்து இரவு

மாசி மாதம் வந்துவிட்டால் மலையகத் தோட்டங்களில் இரவு வேளைகளில் தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் லயன்களுக்கு அருகே உள்ள வெளியில் ஒரு கம்பம் நாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அதுதான் காமன் கம்பம். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் கம்பம் ஊன்றி, தொடர்ந்து பல இரவுகள் ஆடிப் பாடி, கடைசி இரவில் விடிய விடிய ஆடி முடிப்பது காமன் கூத்து. தோட்டத்துக்குத் தோட்டம் முறை சிறிது வேறுபடும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையக மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கூத்து இது.

இதனைப் பார்ப்பதற்காக எமது நிலையத்தோடு தொடர்புடைய ஒன்பது பெண்களுடன் சென்ற வருடம் ஹட்டன் பக்கம் போயிருந்தேன். ஒன்பது பேரும் வன்னியில் குடும்பத்தைத் தனியே தாங்கி நடத்துபவர்கள். அவர்களில் மூவரின் கணவன்மார் 2009 இன் பின்னர் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மலையகம் வன்னிக்கு அந்நியமான இடமல்ல. 1977, 1983 ஆம் ஆண்டுகளின் இன வன்செயல்களுக்குப் பிறகு ஏராளமான மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் வந்து குடியேறின. ஓடி வந்த இடத்திலும் யுத்தம் அவர்களை விடவில்லை. எங்களோடு வந்த ஓர் அம்மாவின் பிறந்த ஊரே தலவாக்கலைதான். சிறுமியாகப் புறப்பட்டவர், இப்போதுதான் முதல்முறை திரும்பிப் போகிறார்.

வவுனியாவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை ஊடாக ஹட்டனுக்கு இன்னொரு பஸ். கினிகத்தேனை தாண்டியதும் குளிர் யன்னலால் உள்ளே வந்தது. எல்லோரும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். தோட்டத்தில் இறங்கி லயன்களைப் பார்த்தபோது சிறிது நேரம் எவரும் பேசவில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். ஒருவர் சொன்னார்: "செட்டிகுளம் முகாமில நாங்கள் மூண்டு வருசம் இருந்ததுக்கே விசர் பிடிச்சது. இவை இருநூறு வருசமா இப்பிடித்தானோ?" கோப்பித் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள் இந்த நாட்டில் குடியேறி 2023 ஆம் ஆண்டோடு இருநூறு வருடங்கள் நிறைவுற்றன. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, நாடற்றவர்களாகவே பலர் வாழ்ந்து மறைந்தார்கள். அவர் கேட்ட கேள்வியில் தவறில்லை.

இரவு எட்டு மணிக்கு மேல் காமன் பொட்டலில் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். பகல் முழுவதும் கொழுந்து பறித்த பெண்கள் முகம் கழுவி, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஓரமாக விறகு மூட்டி, தப்புகளைச் சுற்றிவைத்துச் சூடு காட்டினார்கள். வட்டமான மரச்சட்டத்தில் தோல் கட்டிய வாத்தியம் அது. மலைப் பனியில் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிவிடும். நெருப்பில் காட்டினால்தான் இறுகும். இரவு முழுவதும் இடையிடையே நெருப்புக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் தடித்த குட்டைக் குச்சி. அடி விழுந்தபோது அது காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. ஷெல் அடிக்குப் பின்னர் பெருஞ்சத்தம் என்றாலே நடுங்கும் ஒரு தங்கச்சி எங்களோடு இருந்தார். முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், அரை மணி நேரத்தில் தாளத்துக்குத் தலையசைக்கத் தொடங்கிவிட்டார்.

முன்பு விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கவும் இதே தப்புத்தான் அடிக்கப்பட்டது. பகலில் துரைக்காக அடித்த வாத்தியத்தை இரவில் தங்களுக்காக அடித்தார்கள். அதே நேரம், சாவு வீட்டில் தப்பு அடிப்பவர்கள் என்று ஒரு சாதியாரை ஒதுக்கிவைக்கும் வழக்கம் தோட்டத்திலும் இருந்துவந்திருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. கைதட்டி ரசிக்கும் கலையைத் தந்தவர்களை நாம் எங்கே உட்கார வைக்கிறோம் என்ற கேள்வி வடக்கிலும் உண்டு.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கிறது. அசுரனை அழிக்கச் சிவனுக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டும். சிவனோ தவத்தில் இருக்கிறார். அந்தத் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். போகவேண்டாம் என்று ரதி மறிக்கிறாள். அவன் கேட்கவில்லை. மலர் அம்பு எய்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான்.

எங்கள் பெண்கள் இதனை வேறு விதமாகப் பார்த்தார்கள். "சண்டை தேவர்களுக்கும் அசுரர்களுக்கும். எரிஞ்சது ஆற்ற புருசன்?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். புராணத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை அன்றுதான் கேட்டேன்.

எரியும் கட்டம் முடிந்ததும் தப்பின் அடி மாறியது. வேகம் குறைந்து, சாவு வீட்டுத் தாளமாயிற்று. தலைமுடியை அவிழ்த்துப்போட்டு ரதி ஒப்பாரி வைத்தாள். ரதியாக ஆடியவர் ஓர் இளைஞர். பகலில் மலையில் மருந்தடிப்பவராம். ஆனால் அது எவருக்கும் நினைவிலில்லை. கூடியிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். சிலர் தங்கள் வீட்டு இழவுகளையும் சேர்த்தே வாய்விட்டு அழுதார்கள். யாரும் யாரையும் அடக்கவில்லை. எமது பெண்களில் பலருக்கு 2009 இல் அழுவதற்கு நேரமிருக்கவில்லை. பிணத்தை விட்டுவிட்டு ஓடியவர்கள் அவர்கள். அன்று அந்தக் குளிரில் உட்கார்ந்து அழுதார்கள்.

கூத்து இத்தோடு முடிவதில்லை. ரதியின் அழுகைக்கு இரங்கி மூன்றாம் நாள் காமன் உயிர்ப்பிக்கப்படுகிறான். பக்கத்தில் இருந்த தோட்டத்து அம்மா எங்களுக்கு விளக்கினார்: "காமன் திரும்பி வருவாருங்க. ஆனா உடம்பு இருக்காது. ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவாரு."

கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் மூவரில் ஒருவர், பொட்டு வைப்பதற்காக ஊரில் பேச்சு வாங்குபவர், விடிந்து தேநீர் குடிக்கும்போது என்னிடம் சொன்னார்: "அக்கா, ஊர் அவரைச் செத்துப்போனார் எண்டு சொல்லுது. என்ர கண்ணுக்கு அவர் இருக்கிறார். ரதியை ஒருத்தரும் விசரி எண்டு சொல்லேல்லைத்தானே?"

காணாமற்போனவரின் மனைவி விதவையுமல்ல, சுமங்கலியுமல்ல என்று ஊர் அவளை நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பின், இறந்தார் என்று எழுதாமல் காணாமற்போயுள்ளார் என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பெறலாம். ஆனால் பொட்டு வைப்பதா, கலியாண வீட்டில் முன்னே நிற்பதா என்பதற்குச் சான்றிதழ் பதில் தராது. அதனை அவளே தீர்மானிக்க வேண்டும். சுற்றியுள்ள நாம் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். கூத்தில் ரதிக்குக் கிடைக்கும் அந்த மரியாதை ஊரிலும் கிடைக்க வேண்டும்.

இதனை வெறும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ரதி அழுததோடு நிற்கவில்லை, எரித்தவரிடமே போய்ப் பதில் கேட்டாள். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் உட்கார்ந்த தாய்மாரும் அதைத்தான் செய்தார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நாம் பார்த்த கூத்தில் பாடியவர், ஆடியவர், தப்படித்தவர் அனைவரும் ஆண்கள். பெண்ணின் துயரம் கதையின் நடுவில் இருக்கிறது. பெண்ணோ பொட்டலின் ஓரத்தில் இருக்கிறாள். ஆனால் மலையகப் பெண் மேடைக்குப் புதியவள் அல்ல. 1931 இல் ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், தொழிலாளர் கூட்டங்களில் தாமே எழுதிய பாடல்களைப் பாடினார். 1940 இல் அவை நூலாகவும் வந்தன. தமிழ்நாட்டில் திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை அடித்து ஆடுகிறார்கள். 1970களில் இங்கிலாந்தில், முறையாகச் சங்கீதம் படிக்காத இளைஞர்கள் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு தங்கள் கோபத்தை உரத்துப் பாடியது 'பங்க்' இசையாயிற்று. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, ஒதுக்கப்பட்ட பறையையும் கானாப் பாட்டையும் கிற்றாரோடு சேர்த்து மேடையேற்றியபோது, அதில் பாடிய ஒரே பெண் இசைவாணி. மேடை ஏறுவதற்குப் பட்டம் தேவையில்லை என்பதற்கு இவர்கள் எல்லோரும் சாட்சி.

மாசியில் ஒரு தடவையாவது மலையகம் போய்வாருங்கள் சகோதரிகளே. கம்பளியும் சால்வையும் அவசியம். கடைசி இரவு எப்போது என்பதைத் தோட்டத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் தேயிலைப் பொதியோடு மட்டும் திரும்பி வராதீர்கள். எங்கள் ஒன்பது பேரில் நால்வர் இப்போது மாதாந்தச் சந்திப்பு முடிந்ததும் எஞ்சியிருந்து ஒப்பாரிப் பாடல்களைச் சேகரித்து எழுதுகிறார்கள். அவரவர் தாயிடமும் பேத்தியாரிடமும் கேட்டவைதான் அவை. தலவாக்கலையில் பிறந்த அம்மாவிடமிருந்து மட்டும் பதினொன்று கிடைத்திருக்கிறது. ரதியாக யார் நிற்பது என்பதில் அவர்களுக்குள் இப்போதே போட்டி.