ஆறு நிமிட நடை

ஆஸ்பத்திரி வராந்தாவில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்திருந்தார்கள். அப்பா ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். ஆறு நிமிடம். நர்ஸ் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடத்தில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ கூப்பிட்ட மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மூச்சு வாங்குவதை மறைக்க அவரிடம் இப்படி நாலைந்து உத்திகள் உண்டு. செருப்பு வாரைச் சரி செய்வது இன்னொன்று.

260 மீட்டர். அவர் வயதில் நல்ல நுரையீரல் உள்ளவர் நானூறு, ஐந்நூறு சாதாரணமாக நடந்துவிடுவார். ஆக்ஸிஜன் 94-லிருந்து 88-க்கு இறங்கியிருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு நுரையீரலின் மேல் பாதியிலும் யாரோ ரவையை அள்ளித் தூவிய மாதிரி புள்ளிகள். சிலிகோசிஸ். உள்ளே போன தூசி வெளியே வராது, தழும்பு ஆறாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். "தூசி இல்லாத இடமா பாத்து தினமும் நடங்கய்யா."

விருத்தாசலத்தில் தூசி இல்லாத இடத்தைத் தேடுவது எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு ஜோக்.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஜங்ஷன், பழமலைநாதர் கோயில், முந்திரி. சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை இந்த ஊரில்தான் நடந்தது. ஆனால் நான் வளர்ந்தது இன்னொரு விருத்தாசலத்தில். பீங்கான் ஊர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன யூனிட்கள். அகல் விளக்கு, கொலு பொம்மை, வாஷ் பேசின், மின்கம்பத்து இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை. பீங்கானுக்கென்றே ஒரு அரசுப் பாலிடெக்னிக். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணை வெட்டி எடுக்கிறார்கள், அது பக்கத்திலேயே இருந்ததால் இந்தத் தொழில் இங்கே வேர் பிடித்தது. தமிழ்நாட்டில் பழைய வீடு எதிலாவது மெயின் போர்டைத் திறந்து, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கம்பி சுற்றியிருக்கிறீர்களா? அது என் அப்பா அழுத்தியதாக இருக்கலாம்.

அழுத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். ஃபியூஸ் கட்டையைக் குயவர் மாதிரி சக்கரத்தில் வனைவதில்லை. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துக் கலந்து, லேசான ஈரப்பதத்தில் பொடியாகவே அச்சில் கொட்டிக் கைப்பிரஸ்ஸில் அழுத்துவார்கள். பாதிக்குப் பாதி களிமண், மிச்சத்தில் மற்ற இரண்டும் சமம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதில் அந்தக் குவார்ட்ஸ்தான் எமன். அச்சில் விழுந்தது போக மிச்சப் பொடியை ஊதித் தள்ளுவார்கள். வாயால். அப்பா இருபத்தொன்பது வருஷம் ஊதினார். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது "கிழவா, கிழவா" என்று கிண்டல் செய்வேன், அவர் கூனிக்குறுகித் தள்ளாடி நடந்து காட்டுவார். இப்போது நினைத்தால் அந்த நடிப்பு ஞாபகம் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

எம்.சி.பி. வந்த பிறகு ஃபியூஸ் கட்டைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அப்பா வேலை செய்த யூனிட்டும் மூடிவிட்டார்கள். அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

கரைவெட்டிக்குப் போகலாம் என்று சொன்னது அப்பாதான். பிரஸ் செக்‌ஷனில் அவருக்குப் பக்கத்து மெஷினில் திருமானூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். மழைக்காலம் வந்தால் "எங்க ஏரிக்கு வாத்து வந்திருக்கும்" என்று ஆரம்பித்துவிடுவாராம். இமயமலையைத் தாண்டி வரும் வாத்து என்பார், யாரும் நம்பமாட்டார்கள். ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஐம்பது வயதுக்குள் 'டிபி'யில் செத்துப்போனார். அப்பாவுக்கும் முதலில் டிபி என்றுதான் சொன்னார்கள், இரண்டு முறை ஆறாறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சிலிக்கா படிந்த நுரையீரலில் டிபி எளிதாகத் தொற்றும். படத்தில் இரண்டும் ஒன்று போலவும் தெரியும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் கேட்கவில்லை.

போன தை மாதம், காலைப் பாசஞ்சரில் அரியலூர். பெண்ணாடம் தாண்டும்வரை அப்பா ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினார். என் பையில் தண்ணீர், எலுமிச்சை சாதம், ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய பைனாகுலர், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இழப்பீட்டு மனு.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூருக்குப் பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் எதிரே வந்துகொண்டே இருந்தன. அப்பா துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். தூசி இல்லாத இடத்தில் நடப்பதற்காகத் தூசிக்குள்ளேயே நாற்பது நிமிடம் உட்கார்ந்து போனோம். வாரணவாசியில் ஃபாசில் மியூசியம் இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது, அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும்தான் இன்றைக்கு மூட்டையில் அடைத்த சிமென்ட் என்று அப்பாவிடம் சொன்னேன். துண்டுக்குள்ளிருந்து "அப்ப இதுவும் பழைய தூசிதான்" என்றார்.

கீழப்பழுவூரில் ஆட்டோ பிடித்தோம். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பழுவூர் என்றதும் பெரிய பழுவேட்டரையர் வந்து நிற்பார். எனக்கும் நின்றார். அப்பாவுக்கு ஆட்டோ வாடகைதான் நின்றது.

ஏரிக்கரை ஏறியதும் காற்று மாறியது. ஈரமும் பாசியும் கலந்த வாசனை. 450 ஹெக்டேருக்குக் கொஞ்சம் அதிகம் என்று படித்திருந்தேன், ஆனால் எண்ணில் படிப்பது வேறு, எதிர்க்கரையைக் கண்ணால் தேடுவது வேறு. மழைத் தண்ணீரோடு, காவிரித் தண்ணீரும் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்கிறது. பாசனத்துக்கான ஏரிதான். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். ராம்சார் என்பது ஈரானில் இருக்கும் ஒரு ஊர். ஈரநிலங்களைக் காப்பாற்றலாம் என்று 1971-இல் அங்கே கூடி நாடுகள் ஒப்பந்தம் போட்டன. ஈரான் ஊர்ப் பெயரில் அரியலூர் மாவட்டத்து ஏரிக்கு ஒரு பட்டம் என்று சொன்னேன். "அதனால வாத்துக்கு ஏதாச்சும் கூடக் கெடைக்குமா?" என்றார்.

நடக்க ஆரம்பித்தோம். என் திட்டம் தெளிவாக இருந்தது. ஐந்து நிமிடம் நடை, மூன்று நிமிடம் ஓய்வு, ஒவ்வொரு ஓய்விலும் ஆக்ஸிஜன் அளவு, எல்லாம் ஃபோனில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில். வேலையில் நான் செய்வதும் அதுதான், எதையாவது அளந்துகொண்டே இருப்பது. முதல் ஓய்வில் 91. இரண்டாவதில் 90. மூன்றாவது முறை மெஷினை நீட்டியபோது அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அத உள்ள வை பாப்பா. பறவை பாக்க வந்தமா, என்னப் பாக்க வந்தமா?"

உள்ளே வைத்தேன்.

அதற்குப் பிறகு மெதுவாகத்தான் போனோம். அவர் நின்றால் நான் நின்றேன். நடந்து போவதில் ஒரு வசதி, நிற்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. பறவை பார்க்கிறவர்கள் எல்லோருமே நாலு அடிக்கு ஒரு தரம் நிற்கிறவர்கள்தான். அப்பா செருப்பு வாரைத் தொடவே இல்லை. நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக மிதந்தன. முக்குளிப்பான் ஒன்று முங்கி, நாங்கள் எதிர்பார்த்த இடத்தை விட்டு வேறெங்கோ எழுந்தது. அப்பா அது அடுத்து எங்கே வரும் என்று என்னோடு பந்தயம் கட்டி மூன்று முறை ஜெயித்தார். நத்தை குத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருப்பதைப் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "அச்சு தேஞ்சுபோன பீஸ் மாதிரி இருக்கு" என்றார். கரையோரம் ஊதாப்பூ பூத்த ஒரு புதரைக் காட்டி இது நம்ம ஊரிலும் இருக்கே என்றார். இருக்கிறது. அதற்குப் பெயரே நெய்வேலிக் காட்டாமணக்கு. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கும் செடி, பெயர் மட்டும் எங்கள் பக்கத்து ஊருடையது.

மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அப்பா கீழே குனிந்து ஈர மண்ணை ஒரு கொட்டைப்பாக்களவு எடுத்தார். பிசைந்தார். உள்ளங்கையில் உருட்டித் திரியாக்கி, ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைத்தார். திரி வளைவில் விரிசல் விட்டதா என்று கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரிசல் இல்லை. "நல்ல பசை இருக்கு. ஆனா இரும்பு ஜாஸ்தி, சுட்டா செவந்துடும். செங்கல்லுக்கு ஆவும், நமக்கு ஆவாது." அந்த 'நமக்கு' என்னை என்னவோ செய்தது. கம்பெனி மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது.

மண்ணைத் தண்ணீரில் எறிந்துவிட்டுக் கை கழுவினார். இதுதான் நேரம் என்று ஃபைலை எடுத்தேன்.

சிலிகோசிஸ் வந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. நிர்வாகமும் தெரிவிக்க வேண்டும், பார்த்த டாக்டரும் தெரிவிக்க வேண்டும். அப்பா பிறப்பதற்கும் முந்தைய சட்டம். ஆனாலும் அவர் கழுத்தில் ஒரு துண்டைத் தவிர வேறு மாஸ்க்கை நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் ஏற்கெனவே பல தடவை பேசியாயிற்று. மனுவில் ஒரு கையெழுத்துதான் பாக்கி. கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம்: வேலை செய்த நிறுவனத்தின் பெயரும் உரிமையாளர் பெயரும்.

"அந்த மனுசன் இல்லன்னா நீ படிச்சிருக்க முடியுமா?" என்றார் அப்பா.

இந்த வாக்கியத்துக்குத்தான் நான் எட்டு மாதமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். உண்மைதான். இன்ஜினியரிங் முதல் வருஷ ஃபீஸை முதலாளிதான் கொடுத்தார். கடனாகக்கூட இல்லை, கொடுத்தார். ஹாஸ்டலில் சேரும் அன்று அப்பாவோடு வந்து நின்றார். அதே ஆள் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட முப்பது வருஷம் யோசித்தார். இரண்டும் ஒரே மனிதர். எனக்கு வரும் சம்பளத்தின் முதல் கண்ணி அந்தப் பிரஸ் செக்‌ஷனில் இருக்கிறது. என் படிப்புக்கு அப்பா எதைக் கொடுத்தார் என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டேன், முதலாளி கொடுத்ததற்கு ரசீது இருக்கிறது.

"ஃபீஸ் குடுத்தது பெரிய விஷயம்தான்ப்பா. ஆனா உங்க பக்கத்து மெஷின்ல இருந்தவரு பொண்ணுக்கு யாரு குடுத்தா?"

சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அப்பா பதில் சொல்லவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவை எழுந்தன. தூரத்தில் மேட்டில் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடப்பதைக் கல் என்று நினைத்திருந்தோம். நாயோ ஆடோ எதுவோ கிட்டப் போயிருக்க வேண்டும், இருபது முப்பது உருவங்கள் ஒரே சமயத்தில் கிளம்பின. பைனாகுலரை அப்பாவிடம் கொடுக்கக்கூட நேரமில்லை. தலைக்கு மேலே சாய்ந்து போனபோது வெறும் கண்ணுக்கே தெரிந்தது, வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. பட்டைத்தலை வாத்து. அப்பா எழுந்து நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது.

"பொய்யின்னு நெனச்சோம் பாப்பா. அவன் சொன்னத எல்லாரும் பொய்யின்னே நெனச்சோம்."

படித்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். திபெத், மங்கோலியா பக்கத்திலிருந்து வருகின்றன. கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கும் மேலே பறந்திருக்கின்றன. அங்கே காற்றே பாதிக்கும் கீழ். அவற்றின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் கொஞ்சம் வேறு மாதிரி, ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பறவைகளின் நுரையீரலே நம்முடையது போல இல்லை. நமக்குப் போன வழியிலேயே காற்று திரும்பி வர வேண்டும். அவற்றுக்குக் காற்றுப் பைகள் இருக்கின்றன, நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்பா கவனமாகக் கேட்டார். "அப்படின்னா அதுங்களுக்குத் தூசி உள்ள தங்காதா?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் ஒரு காலத்தில் கேனரிக் குருவியைக் கூண்டில் வைத்துக் கொண்டு போனார்கள். அவ்வளவு நன்றாக மூச்சு விடுவதாலேயே விஷக்காற்றில் மனிதருக்கு முன்னால் அது விழுந்துவிடும். இதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பார்வைக் கோபுரத்தில் அவர் ஏறவில்லை, ஏறச் சொல்லி நானும் கேட்கவில்லை. எலுமிச்சை சாதத்தை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பி நடந்தோம். போக வர எவ்வளவு தூரம் என்று ஃபோன் சொன்னது, ஆனால் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்தால் எந்த டாக்டரும் அதை டெஸ்ட்டாக ஒப்புக்கொள்ளமாட்டார்.

திரும்பும் ரயிலில் செந்துறை தாண்டியதும் அப்பா பேனா கேட்டார். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போது நிறுத்தி நிறுத்தி எழுதினார். பெயர், வயது, வேலை செய்த வருஷங்கள், செய்த வேலை. 'பிரஸ் ஆபரேட்டர்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'ஊதுவது' என்று சேர்த்தார். கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார். வாங்கிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இத விட்டுட்டீங்களேப்பா."

"இருக்கட்டும். அவன் வீட்ல யாரு இருக்காங்கன்னு மொதல்ல விசாரி. அந்தப் பொண்ணுக்கும் ஒரு பாரம் வாங்கிக் குடுத்துட்டு, ரெண்டுலயும் ஒண்ணா எழுதிக்கலாம்."

பெண்ணாடத்தில் சுண்டல்காரர் ஏறினார். அப்பா இரண்டு பொட்டலம் வாங்கினார்.