துரை வீட்டு மீன்

தொட்டியத்தில் பிறந்தவனுக்குத் தூண்டில் போட யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. வாழைத் தோட்டத்து ஈரமண்ணைக் கிளறினால் புழு கிடைக்கும். மூங்கில் புதரில் ஒரு கழி, கடைத்தெருவில் ஒரு முள், தக்கைக்குச் சோளத்தட்டை. வாய்க்கால் கரையில் குந்திவிட்டால் கெண்டையோ கெளுத்தியோ, அன்றைய குழம்புக்கு ஏதோ ஒன்று அகப்பட்டுவிடும். எங்கள் ஊர் சாஸ்திரப்படி மீன் பிடிப்பது என்றால் உட்காருவதுதான். தக்கை அமுங்குகிறவரை வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிந்தவன் எல்லாம் அங்கே நிபுணன்.

இந்த சாஸ்திரம் நீலகிரியில் செல்லாது என்று 1974-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் தெரிந்துகொண்டேன். என் அக்கா மகன் அப்போது குந்தா மின்சாரத் திட்டத்தில் இன்ஜினீயர். கனடா தேசத்தின் உதவியோடு கட்டிய திட்டம் அது. அதற்காகத் தேக்கிய ஏரிகளில் அவலாஞ்சியும் ஒன்று. கீழே எங்கள் ஊரில் ஆற்று மணல் காலைச் சுட்டுக்கொண்டிருந்த நாளில், நான் கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு அந்த ஏரிக்கரையில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"மாமா, இங்கே மண்புழு எல்லாம் கூடாது. டிரவுட் துரை வீட்டு மீன். அதற்கு ஈதான் போடணும்" என்றான் பையன்.

ஈ என்றால் நிஜ ஈ அல்ல. முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி மாதிரி ஜோடித்த பொய் ஈ. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் தென்னாட்டு மலைகளில் கூவுகிற சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்கு இங்கிலாந்துத் தூண்டில்காரர்களிடையே ஒரு காலத்தில் அத்தனை மதிப்பு. நம் சேவல் கப்பலேறிப் போய் அவர்கள் மீனை ஏமாற்றியது; அவர்கள் மீன் கப்பலேறி வந்து நம் மலையில் குடியேறியது.

அனுமதிச் சீட்டு, கோல், சுருள், கயிறு எல்லாவற்றையும் பையன் தயார் செய்திருந்தான். கற்றுக் கொடுக்க ஒரு முதிய காவலாளி வந்தார். நம் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் ஈக்குக் கனமே கிடையாது. கயிற்றுக்குத்தான் கனம், அது பறந்து போய் ஈயைக் கொண்டு சேர்க்க வேண்டும். கோலைப் பின்னால் வீசி, பிறகு முன்னால் வீச வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! முதல் ஒரு மணி நேரம் கயிறு என் தொப்பியையும், என் கோட்டையும், பின்னாலிருந்த புதரையும் பிடித்தது. தண்ணீரை மட்டும் பிடிக்கவில்லை.

"ஐயா, பின்னாலே வீசினதும் ஒரு மூச்சு நில்லுங்க. கயிறு முழுசா நீளட்டும். அப்புறம் முன்னாலே விடுங்க" என்றார் காவலாளி.

அந்த ஒரு மூச்சில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முதுகுக்குப் பின்னால், ஒரு காரியம் நடந்து முடிகிறவரை காத்திருக்க வேண்டும். பிற்பகலில் மேகம் மூடியபோது கயிறு எப்படியோ சொன்ன பேச்சைக் கேட்டது. ஈ மெத்தென்று நீரில் இறங்கியது. வெடுக்கென்று ஓர் இழுப்பு! மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே துள்ளியது. கை நடுங்கியது, குளிரினால் அல்ல.

வலையில் ஏந்திய மீனைப் பார்த்தேன். உடம்பெங்கும் கறுப்புப் புள்ளிகள்; விலாவில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. காவலாளி கையை நனைத்துக்கொண்டு அதை அளந்து பார்த்தார். "அளவுக்குக் குறைச்சலுங்க" என்றார். முள்ளைக் கழற்றி, நீரிலேயே சற்று ஏந்தியிருந்து, அது சுதாரித்ததும் விட்டுவிட்டார். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்ட மனிதரை நான் தொட்டியத்தில் பார்த்ததில்லை. மனசுக்குள் ஒரு வருத்தம். அதன் அடியிலேயே ஒரு சந்தோஷமும் இருந்தது.

மறுநாள் பண்ணையைப் பார்த்தோம். மலையோடைகளில் தங்கள் ஊர் மீன் இல்லையே என்ற குறை துரைமாருக்கு இருந்தது. 1863-இல் பிரான்சிஸ் டே என்ற டாக்டர், இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 1907-இல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பண்ணை அமைத்த பிறகே காரியம் கைகூடியது. பெண் மீனின் வயிற்றை மெல்ல வருடி முட்டையை எடுத்து, ஆண் மீனின் விந்தைக் கலந்து, ஓடுகிற குளிர்ந்த நீரில் தட்டுத் தட்டாக வைத்துப் பொரிக்கிறார்கள். குஞ்சு வளர்ந்ததும் ஏரியிலும் ஓடையிலும் விடுகிறார்கள். நேற்று என்னோடு மல்லாடிய வீரன் இப்படித் தட்டில் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரை அவனுடைய பூர்விகம்.

அந்த ஏரியின் நீர் எங்கே போகிறது என்று பையனிடம் கேட்டேன். மின் நிலையங்களின் சக்கரங்களைச் சுற்றிவிட்டுப் பில்லூருக்கு. அங்கிருந்து பவானி ஆறு, பவானிசாகர், கூடுதுறை. அப்புறம் காவேரி, மாயனூர், தொட்டியம்! நான் நடுங்கிக்கொண்டு பார்த்த தண்ணீர் என் ஊர் வாழைக்குத்தான் வருகிறது. ஆனால் அந்த மீன் வர முடியாது. குளிர்ந்த நீரில் வாழப் பிறந்தது, எங்கள் சித்திரை வெந்நீரில் ஒரு நாள் தாங்காது. சூடுதான் அதற்கு வேலி.

வேலி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதைக் காவேரியே பிற்பாடு காட்டிவிட்டது. முதுகு திமிலாக உயர்ந்த மாசீர் என்ற ராட்சதக் கெண்டை இந்த ஆற்றுக்கே சொந்தமானது. காவேரியில் சேரும் கபினியில் 1946-இல் ஒரு மாசீர் 120 பவுண்டு நிறை காட்டியது. தூண்டில்காரர்களுக்கு மீன் குறைகிறதே என்று, லோனாவ்லாப் பண்ணையில் வளர்த்த வேறொரு ஜாதி மாசீர்க் குஞ்சுகளை 1970-களிலிருந்து காவேரியில் விட்டார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் வந்த மீன் பெருகியது. இருந்த மீன் அருகியது. மணலும் அணையும் வெடியும் செய்த கேடு ஒரு பக்கம். இந்த உபகாரம் ஒரு பக்கம். காவேரி மாசீர் இன்ன இனம் என்று விஞ்ஞானிகள் சரியாக இனங்கண்டது 2018-இல். அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் அது சேர்ந்ததும் அதே வருஷம்தான். பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் வாசலைத் தாண்டிப் போகிற விருந்தாளி மாதிரி!

அவலாஞ்சி டிரவுட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை யாரும் கேட்டுக் கொண்டுவரவில்லை. ஆற்றில் மீனை விடுகிறவர்களிடம்தான் ஒரு வார்த்தை சொல்ல ஆசை. கூடையைக் கவிழ்ப்பதற்கு முன்னால் அந்தக் காவலாளி சொன்ன மாதிரி ஒரு மூச்சு நில்லுங்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பது யார் என்று விசாரித்துவிட்டு, அப்புறம் விடலாம்.