புறாவும் குழல்வாயும்

கருவியொன்றை நுணுகி ஆராய்வோன் முடிவில் அதனைக் கையாண்ட மனத்தையே ஆராய்ந்தவனாகின்றான். இவ்வுண்மையை யாம் நூலகத்திற் கற்றேமல்லேம். சென்ற கோடை விடுமுறையில் எம் பாட்டனார் வீட்டுத் திண்ணையிற் கற்றோம்.

எண்பது அகவையைக் கடந்த பாட்டனார், தம்மிடமிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை உரிமச் சீட்டோடு காவல் நிலையத்தில் ஒப்படைக்கத் துணிந்தார். "கடைசியாக ஒருமுறை துடைத்து எண்ணெய் பூசிக் கொடு, ஐயா" என்று எம்மைப் பணித்தார். துணி சுற்றிய கோலை வலக்குழலுட் செலுத்தினோம், எளிதிற் புறப்பட்டது. இடக்குழலிலோ, வாயை அணுகியவுடன் இறுகி நின்றது. துருவென்று கருதி வலிந்து தள்ளினோம். பாட்டனார் நகைத்து, "அது துருவன்று, இறுக்கம். சோக்கு என்பார்கள். வேண்டுமென்றே அப்படிக் கடைந்தது" என்றார்.

அத்துப்பாக்கி பன்னிரண்டாம் எண்ணினது. அஃதாவது, ஓர் இராத்தல் ஈயத்தை 12 ஒத்த உருண்டைகளாக்கின், ஓர் உருண்டை அக்குழலுக்கு அளவாய்ப் பொருந்தும். குழலின் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். முழு இறுக்கமுடையதில் வாய் மட்டும் 1 மில்லிமீட்டர் அளவு ஒடுங்கியிருக்கும். அவ்வொடுக்கத்தால் ரவைகள் திரண்டு, விரைவிற் சிதறாது செல்லும். 1866-ஆம் ஆண்டில் நியூகாசில் நகரத்துப் பேப் என்பார் இம்முறைக்கு உரிமை பெற்றார். 1875-ஆம் ஆண்டளவில் பர்மிங்காம் நகரத்துக் கிரீனர் அதனைப் பரப்பினார்.

ஓர் அவுன்சு எடையில் ஆறாம் எண் ரவை 270 அடங்கும். 40 கஜத்துக்கு அப்பால் 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து சுட்டால், முழு இறுக்கம் நூற்றுக்கு 70 பங்கை, அஃதாவது 189 ரவையை, அதனுட் செலுத்தும். சிறிதே ஒடுங்கிய வாய் 50 பங்கை, அஃதாவது 135 ரவையைச் செலுத்தும். இக்கணக்கைக் கேட்டதும், "அப்படியானால் இறுக்கமானதே மேல் அல்லவா, தாத்தா?" என்றோம்.

"இருபது வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார் அவர்.

அந்நாளில் அவ்வூர்க் கமலைக் கிணறுகளின் சுவர்ப்பொந்துகளில் மாடப்புறாக்கள் குடியிருந்தன. உள்ளே கல்லெறிந்தால் அவை படபடவென்று மேலெழும். சுடுவோனுக்கும் அவற்றுக்கும் இடையே 20 கஜமே இருக்கும். அவ்வளவில் முழு இறுக்கத்தின் ரவைக்கூட்டம் 16 அங்குல அகலமே விரிய, சிற்றிறுக்கத்தினதோ 26 அங்குலம் விரியும். பரப்பை நோக்கின் பின்னது இரண்டரை மடங்கினும் மிகும். ஆதலின் அண்மையில் இறுகிய குழல் ஒன்று முற்றுந் தவறும், அன்றேல் பறவையை உணவுக்கும் ஆகாவண்ணம் சிதைக்கும். சேய்மையிலோ அகன்ற வாயின் ரவைகள் இடைவெளி பட்டுச் சிதறிக் காயம் மட்டுமே விளைக்கும். எனவேதான் முன்விசை அகன்ற வலக்குழலுக்கும், பின்விசை இறுகிய இடக்குழலுக்கும் அமைந்தன. இங்கிலாந்தில் பயிரழிக்கும் காட்டுப்புறாவைப் பொம்மைப்புறா வைத்து அருகழைத்துச் சுடுவோரும் பெரும்பாலும் அகன்ற வாயையே நாடுவர்.

இவ்வளவும் அறிந்திருந்தும் பாட்டனார் ஒருநாள் தவறினார். தோழர் நால்வர் பார்த்திருக்க, 60 கஜத்துக்கு மேல் உயரப் பறந்த புறாவொன்றை இடக்குழலால் வீழ்த்துவேன் என்று சொல்லிச் சுட்டார். பறவை ஒருமுறை தாழ்ந்தது. ஒரு காலைத் தொங்கவிட்டபடியே பனைகளுக்கு அப்பால் மறைந்தது. இருட்டுமட்டும் தேடியும் காணவில்லை. மூன்றாம் நாட் காலை பனையடியில் கண்டார். அது இறந்திருக்கவில்லை. சிறகெங்கும் எறும்பு மொய்த்திருந்தது. தம் கையாலேயே அதன் துன்பத்தை முடித்தார்.

"குழலுக்கு இறுக்கம் இருந்தது, ஐயா, எனக்கு அடக்கம் இல்லை" என்று கூறிச் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "எந்த வாய் நல்லது என்று கேட்டாயே. பறவை எவ்வளவு தூரத்தில் என்று முதலில் கேள். அதற்குரிய வாயைத் தேர்ந்துகொள். இரண்டு வாய்க்கும் எட்டாததைச் சுடாதே. அவ்வளவுதான்" என்றார். அந்நிகழ்ச்சிக்குப் பின் அவர் இடக்குழலிற் தோட்டா இட்டதேயில்லை. 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தபின் வலக்குழலும் ஓய்ந்தது.

புறாவின் பொருட்டுத் துலாக்கோல் புகுந்த சோழர் முன்னோனைப் புறநானூறு போற்றுவதை யாம் தேர்வில் இருமுறை எழுதி மதிப்பெண்ணும் பெற்றுள்ளோம். ஏழையரின் காணிக்கையாகப் புறாக்கள் ஆலயத்திற் படைக்கப்பட்டதையும் ஆண்டுதோறும் கேட்டு வருகின்றோம். ஆயினும் புறாவொன்றன் உயிர் இத்துணைக் கனமுடையது என்பதை அத்திண்ணையிற்றான் உணர்ந்தோம். அவன் தன் தசையை நிறுத்தான். எம் பாட்டனார் தம் செருக்கை அறுபது ஆண்டுகளாக நிறுத்து வருகின்றார்.

மறுநாள் அவருடன் காவல் நிலையம் சென்றோம். எழுத்தர் துப்பாக்கியை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "பழுது ஏதும் உண்டா, பெரியவரே?" என்று வினவினார்.

"துப்பாக்கியில் இல்லை" என்றார் பாட்டனார். அவ்விடையின் பொருள் எழுத்தருக்கு விளங்கிற்றோ, அறியேம். எமக்கு விளங்கிற்று, வீடு வந்து சேருமளவும் யாமும் அவரும் ஒரு சொல்லும் பேசினோமல்லேம்.