அரைவேகம்

எம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றையே எழுதக் கருதினோம். தமிழாசிரியரிடம் வேறு யாது எதிர்பார்ப்பர்? ஆயினும், அக்கட்டுரையை எழுத அமர்ந்த மடிக்கணினியே எமக்கு ஒரு பாடம் புகட்டியமையால், அதனையே ஈண்டு எழுதலாயினோம்.

அக்கணினி கடன்பட்டு வாங்கியது. 2020ஆம் ஆண்டிற் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டகாலை, இணையவழிக் கற்பித்தலுக்கு அதுவே துணையாயிற்று. பின்னர் அது மிகத் தளர்ந்தது. சொல்லொன்றைத் தட்டச்சிட்டால் எழுத்துக்கள் பிந்தித் தோன்றும். பழைய மாணவர் அனுப்பிய புகைப்படமொன்றைத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். கடையொன்றிற் காட்டினோம். "இதன் காலம் முடிந்தது, புதிது வாங்குவதே நன்று" என்றனர். ஆசிரியர் சம்பளத்தில் அஃது எளிதன்று. மீண்டும் கடன் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினோம்.

அவ்வேளை, மலர்ப்பணிக்கு உதவ வந்த உயர்தர வகுப்பு மாணவனொருவன், "சேர், ஒருக்கால் பார்க்கட்டோ?" என்றான். ஒன்பதாந் தரத்தில் எம்மிடம் தமிழ் கற்றவன். கடைசி வாங்கில் இருந்தவன். எம் மனத்தில் அவன் மந்தன் எனவே பதிந்திருந்தான். அரைமனத்துடன் இசைந்தோம்.

அவன் எதனையுங் கழற்றவில்லை. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மானேஜரைத் திறந்து, செயலியின் வேகத்தைக் காட்டினான். அடிப்படை வேகம் 2.40 கிகாஹேட்ஸ் எனக் குறிக்கப்பட்டிருந்தது. எத்துணை வேலை கொடுப்பினும் அது 1.20ஐத் தாண்டவில்லை.

வேகங் குறைதற்குக் காரணங்கள் பல என அவன் விளக்கினான். காற்றாடியில் தூசு அடைந்து சூடேறினால், செயலி தன்னைக் காத்தற்பொருட்டுத் தானே வேகத்தைக் குறைக்கும். வலுக்குறைந்த சார்ஜரைப் பொருத்தினாலுஞ் சில கணினிகள் அவ்வாறே செய்யும். எமது கணினியிலோ சூடில்லை. சார்ஜரும் அதனோடு வந்ததே. வேகம் சரிபாதியில் அசையாது நிற்றலின், எவரோ வரம்பிட்டிருத்தல் வேண்டும் என உய்த்துணர்ந்தான். கொன்ட்ரோல் பனலிற் பவர் ஒப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, திட்டத்தின் உயர்நிலை அமைப்புகளைத் திறந்து, செயலியின் உச்ச அளவு என்னும் இடத்தைச் சுட்டினான். மின்கலத்தில் இயங்கும்போதும் 50. மின்னிணைப்பில் இயங்கும்போதும் 50.

"இதை ஐம்பதிலை விட்டது ஆர், சேர்?"

நாம் வாய்திறக்கவில்லை. விட்டவர் நாமே. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டப்பட்டதை எவரும் மறந்திரார். பாடக்குறிப்பு எழுதி முடியும் வரையேனும் மின்கலம் தாங்கட்டும் என்று, நண்பரொருவர் சொற்கேட்டு அவ்வரம்பை இட்டோம். செயலியின் வேகம் குறைய, அதற்கு வேண்டிய மின்னழுத்தமுங் குறையும். மின்செலவோ அழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டிக் குறையும். மடிக்கணினிகளுக்கென இன்டெல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஸ்பீட்ஸ்டெப் என்னும் உத்தியை வெளியிட்டதும் இந்நோக்கத்துடனேயாம். ஆதலின், அன்று அரைவேகத்தில் ஓட்டியது பிழையன்று. 2023 பெப்ருவரியில் அன்றாட மின்வெட்டு நீங்கிய பின்னரும் வரம்பை நீக்க மறந்தமையே பிழை.

அவன் இரண்டிடத்தும் 100 என மாற்றினான். கணினி பழைய சுறுசுறுப்புடன் இயங்கிற்று. கடன் விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்தோம்.

வேலை முடிந்து தேநீர் அருந்துகையில், 2022ஆம் ஆண்டைப் பற்றிப் பேச்சு நீண்டது. "அந்த வருசம் அப்பாவின்ரை படகுக்கு மண்ணெண்ணெய் எடுக்க விடியக் காலமை வரிசையிலை நிண்டிட்டு, பஸ் இல்லாமல் நடந்துதான் பள்ளிக்கூடம் வருவன், சேர்" என்றான். குறைகூறும் குரலிலன்று, மழை பெய்தது என்பார் போலக் கூறினான்.

அவன் எம் வகுப்பில் இருந்தது அவ்வாண்டிலேதான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் "மந்தம், முயற்சி போதாது" என எழுதிய கை எமது கையே. மாணாக்கனை அறிந்து கற்பித்தல் வேண்டும் என ஆசிரியர் கலாசாலையிற் பயின்றோம். பரீட்சையில் அதனை விரிவாக எழுதிச் சித்தியும் எய்தினோம். எனினும், ஏன் தலை கவிழ்ந்து உறங்குகிறாய் என ஒருநாளேனும் அவனைக் கேட்டிலோம். வரிசைகள் மறைந்தன, படகுகள் மீண்டுங் கடலேறின. எம் மனத்தில் அவனுக்கு இட்ட வரம்பு மாத்திரம் மூன்றாண்டுகளாக ஐம்பதிலேயே நின்றது.

"தம்பி, அந்த அறிக்கையில் நாம் எழுதியது தவறு" என்றோம். அவன் சற்று நேரம் தரையை நோக்கியிருந்து, "அம்மா அதை இன்னும் வைச்சிருக்கிறா, சேர்" என்றான். எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

இம்மலரின் பக்கங்களை ஒழுங்குசெய்யும் பொறுப்பை, மலர்க்குழுவினரின் இசைவுடன் அவனிடமே ஒப்படைத்தோம். அவ்வீட்டிற் பேணப்படும் அறிக்கையின் அருகே இதுவும் இருக்கட்டும் என்பது எம் வேண்டுதல். கல்லூரி அன்னை நீடு வாழ்க!